வாய்தாக்களுக்கு நடுவே ஒரு பிள்ளை

பாலியல் சுரண்டலுக்கு ஆளான ஒரு பிள்ளையைப் பற்றி ஊரும் செய்தித்தாளும் பெரும்பாலும் இரண்டு நாட்கள்தான் பேசுகின்றன: கைது நடந்த நாள், தீர்ப்பு வந்த நாள். இரண்டுக்கும் நடுவே கிடக்கும் மாதங்களில், சில வழக்குகளில் ஆண்டுகளில், அந்தப் பிள்ளை எங்கே தங்கினாள், பள்ளிக்குப் போனாளா, வாய்தாவுக்கு யார் கூட்டிப்போனார்கள் என்று கேட்பார் இல்லை. நம் சிறார் நீதிச் சட்டங்கள் நூறாண்டில் நெடுந்தூரம் வந்துவிட்டன. இன்று பெரிய ஓட்டை சட்டப் புத்தகத்தில் இல்லை, அந்த நடுக்காலத்தில்தான் இருக்கிறது. தண்டனையைக் கூட்டினால் போதும், மீட்ட பிள்ளையை ஓர் இல்லத்தில் சேர்த்துவிட்டால் போதும் என்ற இரண்டு நம்பிக்கைகளிலேயே நம் சீர்திருத்தப் பேச்சு சுற்றிவருகிறது. புகார் பதிவான நாளிலிருந்து வாழ்க்கை மறுபடி தடத்துக்கு வரும்வரை பிள்ளையோடு கூடவே நிற்கிற, பயிற்சி பெற்ற, சம்பளம் வாங்குகிற ஒருவரை ஒவ்வொரு வழக்கிலும் உறுதிசெய்வதே அடுத்த சீர்திருத்தமாக இருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். இதைச் சென்னையிலிருந்து பார்ப்பதைவிடத் தேனி மாவட்டத்திலிருந்து, வடுகபட்டி போன்ற ஒரு சிறிய பேரூராட்சியிலிருந்து பார்த்தால் துலக்கமாகத் தெரியும். பெருநகரத்தில் கூட்டத்தோடு கூட்டமாக மறைந்துகொள்ளலாம். எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊரில் சட்டம் வாக்களிக்கும் பாதுகாப்பு எவ்வளவு தாங்குகிறது என்பதுதான் உண்மையான சோதனை.

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்குக்கு இந்த விவகாரம் புதிதல்ல. போடிமெட்டு ஏறிக் கேரளத்துக்குள் நுழைந்தால் சற்றுத் தொலைவில் இருக்கும் சூரியநெல்லியின் பெயரை 1996இல் இந்தியா முழுவதும் கேட்டது. அவ்வாண்டு ஜனவரியில், விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த 16 வயது மாணவி காதலின் பெயரால் வரவழைக்கப்பட்டு, கைமாற்றி விடப்பட்டு, 40 நாட்கள் இரு மாநிலங்களிலும் ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டாள். குமுளியும் கம்பமும் அந்த வழியில் உண்டு. 2000இல் சிறப்பு நீதிமன்றம் 35 பேரைத் தண்டித்தது. 2005இல் கேரள உயர்நீதிமன்றம் ஒருவரைத் தவிர மற்ற அனைவரையும் விடுவித்தது. 2013 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. 2014 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் 24 பேரின் தண்டனையை உறுதிசெய்தது. பள்ளிச் சீருடையில் போன பிள்ளை முப்பதுகளின் நடுப்பகுதியை எட்டும்வரை வழக்கு ஓடியது. இடையில் அந்தக் குடும்பம் சொந்த ஊரைவிட்டு வேறிடம் போய் வாழ வேண்டியிருந்தது. நீதிமன்றத் தேதிகளை வரிசைப்படுத்தினால் அது ஒரு வழக்கின் வரலாறு. அதே 18 ஆண்டுகளை அந்த வீட்டுக்குள்ளிருந்து எண்ணினால், அரசு பக்கத்தில் நிற்காத ஒரு வாழ்க்கையின் வரலாறு.

2005ஆம் ஆண்டுத் தீர்ப்பு இன்றும் படிக்க வேண்டியது, அதன் தர்க்கத்துக்காக. தப்பிக்க வாய்ப்பிருந்தும் தப்பவில்லை, ஆகவே அவள் விரும்பியே உடன்போனாள் என்ற போக்கில் அது நகர்ந்தது. அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சம்மத வயது 16 என்பதால், அந்த வயதைத் தாண்டியிருந்த பெண்ணின் நடத்தையே வழக்கின் மையக் கேள்வியாக முடிந்தது. மிரட்டலும் அவமானமும் களைப்பும் சேர்ந்து ஒரு பிள்ளையை எப்படி அசைவற்றுப் போகச் செய்யும் என்பது அந்தத் தர்க்கத்துக்குள் நுழையவே இல்லை. இதை நம் நாட்டுக்கே உரிய பிற்போக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. இங்கிலாந்தின் ராதர்ஹாம் நகரில் 1997 முதல் 2013 வரை ஏறத்தாழ 1,400 பிள்ளைகள் சுரண்டப்பட்டதாக 2014இல் வெளியான ஜே அறிக்கை கணக்கிட்டது. காவல்துறையும் நகராட்சியும் பல ஆண்டுகள் கண்டும் காணாமல் இருந்ததற்கு அந்தச் சிறுமிகளை ஏளனமாகப் பார்த்ததும் ஒரு காரணம். பிள்ளையின் காயத்தைப் பிள்ளையின் குணமாகப் படித்துவிடும் இந்தக் கண்ணோட்டத்தை உடைப்பதுதான் சிறார் நீதிச் சீர்திருத்தத்தின் நூற்றாண்டு வேலையாக இருந்துவந்திருக்கிறது.

அந்த வேலை தொடங்கியதே நம் மாகாணத்தில்தான். இந்தியாவின் முதல் குழந்தைகள் சட்டம் 1920இன் சென்னைச் சட்டம். வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் பின்தொடர்ந்தன. பெரியவர்களின் சிறையிலிருந்து சிறாரைப் பிரித்தது அதன் பெரிய சாதனை. ஆனால் குற்றம் செய்த சிறுவனும் ஆதரவற்ற பிள்ளையும் ‘ஒழுக்கக் கேடான சூழலில்’ இருந்து மீட்கப்பட்ட சிறுமியும் போய்ச் சேர்ந்த இடம் ஏறக்குறைய ஒரே மாதிரியானது: பூட்டிய வாசல், மணியடித்தால் சோறு, வெளியே வரத் தேதி. பின்னாளில் சமூகப் பாதுகாப்புத் துறை எனப்பட்ட துறைக்கு முன்பு இருந்த பெயரில் ‘அங்கீகரிக்கப்பட்ட பள்ளிகள்’, ‘விஜிலன்ஸ்’ என்ற இரண்டும் சேர்ந்தே இருந்தன. தவறு செய்த பையனைத் திருத்துவதும் தவறிழைக்கப்பட்ட பெண்ணைக் காப்பதும் ஒரே நிர்வாகத்தின் இரு கைகளாயின. காப்பாற்றுவது என்றால் அடைத்துவைப்பது என்ற பழக்கம் அங்கே வேர்விட்டது. சட்டத்தின் பெயர் பலமுறை மாறியும் அந்தப் பழக்கம் எளிதில் போகவில்லை.

சட்டம் மாறியது, அதுவும் நல்ல திசையில். ஷீலா பார்சே தொடுத்த பொதுநல வழக்கு, சிறைகளில் அடைபட்டிருந்த சிறாரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 1986இல் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வந்தது. 1992இல் இந்தியா ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை ஏற்றது. 2000ஆம் ஆண்டுச் சட்டம், சட்டத்துக்கு முரண்பட்ட சிறாரையும் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் சிறாரையும் தெளிவாகப் பிரித்தது. முன்னவருக்கு இளைஞர் நீதிக் குழுமம், பின்னவருக்குக் குழந்தைகள் நலக்குழு. விபசார விடுதியிலிருந்து மீட்கப்பட்ட சிறுமிகள் எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு, பிரேரணா அமைப்பு தொடுத்த வழக்கில் 2002இல் பம்பாய் உயர்நீதிமன்றம் ஐயத்துக்கிடமின்றிப் பதில் சொன்னது: அவர்கள் குற்றம் செய்தவர்கள் அல்லர், பாதுகாப்புக்கு உரியவர்கள், அவர்களை அனுப்ப வேண்டிய இடம் குழந்தைகள் நலக்குழு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் இதே மாதிரியான மாற்றத்தைச் சட்டமாக்கியது 2008இல்தான். சம்மதம் தரும் வயதே வராத பிள்ளையை விபசாரக் குற்றத்துக்காகக் கைதுசெய்யும் விநோதம் அதுவரை அங்கே நடந்துகொண்டிருந்தது. காகிதத்தில் நாம் பின்தங்கியவர்கள் அல்ல.

2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் சம்மதம் பற்றிய விவாதமே இல்லை. ஆண் பிள்ளைகளும் அதன் காவலுக்குள் வந்தார்கள். வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ பதிய வேண்டும். பதியும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் அவள் கண்ணில் படக் கூடாது. வழக்கு இயன்றவரை ஓராண்டுக்குள் முடிய வேண்டும். இந்தச் சட்டத்தால் என்ன முடியும் என்பதற்குச் சென்னை வண்ணாரப்பேட்டை வழக்கு சான்று. 13 வயதுச் சிறுமி பாலியல் தொழிலில் தள்ளப்பட்டதாக 2020இல் பதிவான அந்த வழக்கில், 2022 செப்டம்பரிலேயே 21 பேர் தண்டிக்கப்பட்டார்கள். 8 பேருக்கு ஆயுள் தண்டனை. தண்டிக்கப்பட்டவர்களில் அவளுடைய உறவினர்களும் ஒரு காவல் ஆய்வாளரும் இருந்தார்கள். சூரியநெல்லிக்கு 18 ஆண்டுகள், வண்ணாரப்பேட்டைக்கு இரண்டு. இந்த முன்னேற்றத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அதே நேரம் அந்தப் பட்டியலில் உறவினரும் காவலரும் இருந்ததையும் கவனிக்க வேண்டும். வீடும் காவல் நிலையமும் கைவிட்ட பிறகு ஒரு பிள்ளைக்கு யார் மிச்சம் என்ற கேள்விக்குத் தண்டனையின் நீளம் பதிலாகாது.

இப்போது வடுகபட்டிக்கு வருவோம். பெரியகுளத்தை ஒட்டிய இந்த ஊரைப் பூண்டுச் சந்தையால் தமிழ்நாடு அறியும். இங்கே ஒரு தாய் தன் மகளுக்கு நேர்ந்ததைச் சொல்லத் துணிகிறாள் என்று வைத்துக்கொண்டு, சட்டம் அவளை எங்கெங்கே அனுப்புகிறது என்று பின்தொடரலாம். முதலில் அனைத்து மகளிர் காவல் நிலையம். அடுத்து மருத்துவப் பரிசோதனைக்குப் பெரியகுளம் அரசு மருத்துவமனை, அல்லது தேனியையும் தாண்டிக் கானாவிலக்கில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பிறகு நீதித்துறை நடுவர் முன் வாக்குமூலம். வழக்கறிஞர்கள் இன்னும் ‘164’ என்றே சொல்லும் இது 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 183ஆம் பிரிவு. மாவட்டத்துக்கெல்லாம் பொதுவான குழந்தைகள் நலக்குழு முன் ஆஜராவது தனி. கடைசியில் லட்சுமிபுரத்தில் மாவட்ட நீதிமன்ற வளாகம். தாயிடம் சொன்னதையும் சேர்த்தால் பிள்ளை தன் கதையைக் குறைந்தது ஆறு பேரிடம் சொல்லியாக வேண்டும், அவர்களில் ஐந்து பேர் முன்பின் தெரியாதவர்கள். ஒவ்வொரு நடைக்கும் தாயின் ஒருநாள் கூலி போகிறது. மண்டியில் பூண்டு தரம்பிரிக்கப் போகிறவளோ தோட்டக் கூலியோ ஒரே வாரத்தில் மூன்று நாள் வேலைக்கு வராவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். பேருந்தில் ஏறினால் நடத்துநருக்கு அவளைத் தெரியும். நீதிமன்ற வளாகத்தில் எதிரிக்கு ஆதரவாக வந்து நிற்பவர் அவள் தெருக்காரராகவே இருப்பார். பிள்ளையின் அடையாளம் வெளியாகக் கூடாது என்று போக்சோ சட்டமும் இளைஞர் நீதிச் சட்டமும் சொல்கின்றன. பத்திரிகைக்கு அந்தத் தடை பொருந்தும். தெருமுனைக்குப் பொருந்தாது.

இந்த நடைகளுக்கு நடுவே ஒரு துணையைச் சட்டம் நினைத்துப் பார்க்காமல் இல்லை. 2020ஆம் ஆண்டுப் போக்சோ விதிகளின்படி காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழுவுக்குத் தகவல் தர வேண்டும். எதிரி அதே வீட்டில் இருப்பவராக இருந்தால், பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்க வேண்டுமா என்பதைக் குழு 3 நாட்களுக்குள் முடிவுசெய்ய வேண்டும். பிள்ளையும் பெற்றோரும் ஒப்புக்கொண்டால் ‘ஆதரவு நபர்’ ஒருவரை நியமிக்கலாம். உணவு, உடை, பயணம் போன்ற உடனடித் தேவைகளுக்குச் சிறப்பு நிவாரணம் உண்டு. வழக்கு முடியும் முன்பே இடைக்கால இழப்பீடும் கேட்கலாம். ஆனால் கேட்கலாம், நியமிக்கலாம் என்ற சொற்களிலேயே இந்த ஏற்பாடு தொங்கிக்கொண்டிருந்தது. 2023 ஆகஸ்டில், பச்பன் பசாவோ ஆந்தோலன் அமைப்பு தொடுத்த வழக்கில், ஆதரவு நபர் என்பது பெற்றோரின் விருப்பத்துக்கு விடப்பட்ட சலுகை ஆகிவிடக் கூடாது என்று உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது. ஒவ்வொரு மாவட்டத்திலும் தகுதியுள்ளவர்களின் பட்டியல், பயிற்சி, உரிய ஊதியம், வழக்கு முடியும்வரை மாதந்தோறும் அறிக்கை ஆகியவற்றுக்கு வழிகாட்டுதல் வகுக்கச் சொன்னது. நம் சிறார் நீதியின் வரலாற்றில் 1920இன் சட்டத்துக்கும் 2012இன் சட்டத்துக்கும் அடுத்து வைக்க வேண்டிய திருப்பம் இது. ஆனால் புதுத் தண்டனை எதையும் அறிவிக்காத தீர்ப்பு என்பதால் தலைப்புச் செய்தி ஆகவில்லை.

ஆதரவு நபர் என்ன செய்வார்? பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்வது அவர் வேலையில் சிறு பகுதி. முதல் தகவல் அறிக்கையின் நகல் கைக்கு வந்ததா என்று பார்ப்பார். வாய்தாத் தேதியை முன்கூட்டியே சொல்வார். வழக்கு அன்று தள்ளிவைக்கப்படும் என்று தெரிந்தால் தாயின் ஒருநாள் கூலியை மிச்சப்படுத்துவார். நீதிமன்ற அறை எப்படி இருக்கும், குறுக்கு விசாரணை என்றால் என்ன, ‘தெரியாது’ என்று பதில் சொல்லலாமா என்பதைப் பிள்ளைக்கு விளக்குவார். தலைமையாசிரியரிடம் பேசி, மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடாமல் வகுப்பிலேயே இருக்கச் செய்வார். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இழப்பீட்டு மனு எந்த மேசையில் நிற்கிறது என்று விசாரிப்பார். ‘பேசி முடித்துக்கொள்ளலாம்’ என்று பணத்தோடும் உறவோடும் வருகிறவர்களை முதலில் பார்ப்பவரும் அவரே. போக்சோ வழக்குகள் பலவும் பிறழ்சாட்சியால் சரிகின்றன. பிறழ்சாட்சி என்பது நீதிமன்றத்தில் திடீரென்று நிகழ்வதில்லை. கடனும் ஊர்ப்பேச்சும் தனிமையும் மாதக்கணக்கில் அழுத்தி, ஒருநாள் கூண்டில் ஏறி ‘அப்படி எதுவும் நடக்கவில்லை’ என்று சொல்ல வைக்கின்றன. அந்த மாதங்களில் பக்கத்தில் ஒருவர் இருந்தாரா இல்லையா என்பது தீர்ப்பையே தீர்மானிக்கக்கூடும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு: இதெல்லாம் மென்மையான பேச்சு, கடுமையான தண்டனை இருந்தால் குற்றமே நடக்காது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த நம்பிக்கையில்தான் எழுந்தது. தீவிரமான ஊடுருவல் குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டுகளிலிருந்து 20 ஆனது. மரண தண்டனையும் சேர்ந்தது. தண்டனை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகள் ஆண்டுதோறும் ஒன்றையே காட்டுகின்றன: பிள்ளைகள் மீதான வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல், எதிரி பிள்ளைக்கு முன்பே தெரிந்தவர். தகப்பன், மாமன், பக்கத்து வீட்டார், வாத்தியார், வேலை கொடுப்பவர். இத்தகைய உறவுக்குள் 20 ஆண்டுச் சிறை என்ற வாய்ப்பு, குற்றத்தைத் தடுப்பதற்கு முன் புகாரைத் தடுக்கிறது. பாட்டி காலில் விழுகிறாள், சம்பாதிக்கிறவன் உள்ளே போனால் வீடு என்னாகும் என்ற கேள்வி பிள்ளையின் தலையில் ஏற்றப்படுகிறது. தண்டனை கடுமையாக ஆக, சொன்ன பிள்ளையைத் தாங்கிப்பிடிக்கும் ஏற்பாடும் அதே அளவுக்கு வலுக்க வேண்டும். ஒன்றைக் கூட்டி மற்றதை அப்படியே விட்டதால், சட்டத்தின் முழுப் பாரமும் மிகச் சிறிய தோளில் இறங்கியிருக்கிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் நியாயமானது. வீட்டிலேயே ஆபத்து என்றால் இல்லத்தில் சேர்ப்பதைத் தவிர வேறென்ன வழி? சில பிள்ளைகளுக்கு அதுதான் வழி, தயங்காமல் செய்ய வேண்டும். ஆயினும் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் தன் அடிப்படைக் கொள்கைகளிலேயே இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும் என்கிறது. அது வெறும் இரக்கப் பேச்சல்ல. இல்லத்துக்குப் போகிற பிள்ளை பள்ளியை இழக்கிறாள், தோழிகளை இழக்கிறாள், தவறு செய்தவன் தெருவில் ஜாமீனில் நடக்கும்போது தான் மட்டும் அடைபட்டுக் கிடப்பதைப் பார்க்கிறாள். தண்டனை தனக்கே என்று அவள் முடிவுகட்டினால் அதில் பிழை சொல்ல முடியாது. இல்லங்களின் சுவருக்குள் என்ன நடக்கும் என்பதற்கும் நம்மிடம் கசப்பான சான்று உண்டு. 2022 டிசம்பர் 31 அன்று, திருட்டு வழக்கில் செங்கல்பட்டுச் சிறார் இல்லத்துக்கு அனுப்பப்பட்டிருந்த 17 வயதுச் சிறுவன் இறந்தான். தாக்கியதாக ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். அதன் பிறகே இல்லங்களை ஆராய நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர்க் குழுவைத் தமிழக அரசு அமைத்தது. குற்றம் சாட்டப்பட்ட பையனின் இல்லம் வேறு, பாதிக்கப்பட்ட பெண்ணின் இல்லம் வேறு என்பது உண்மை. வெளியார் கண் படாத இடத்தில் பிள்ளையின் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போகும் ஆபத்து இரண்டுக்கும் பொது. பாட்டி வீடு, சித்தி வீடு, வளர்ப்புக் குடும்பம் ஆகியவற்றை முதலில் தேட வேண்டும். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்குக் குடும்பத்திலேயே வாழ மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. சித்தி வீட்டுக்கு அந்தத் தொகை போனால் பிள்ளை சுமையாகத் தெரியமாட்டாள். அந்த விண்ணப்பத்தை எழுதி, சான்றுகள் சேர்த்து, பணம் வரும்வரை துரத்துவதற்கும் ஓர் ஆள் தேவை.

மூன்றாவது மறுப்புதான் ஊர்ப்பக்கம் அதிகம் கேட்பது: போக்சோ வழக்குகளில் பாதி காதல் வழக்குகள், ஓடிப்போனவர்களுக்கு எதற்கு இவ்வளவு சேவை? பாதி என்பது மிகை. அசாம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் ஆகிய மூன்று மாநிலங்களில் 2016 முதல் 2020 வரை வந்த 7,064 தீர்ப்புகளை ஆராய்ந்த என்ஃபோல்டு அமைப்பு, அவற்றில் 1,715இல் உறவு காதல் உறவாக இருந்ததைக் கண்டது. ஏறத்தாழ நாலில் ஒன்று. இதன் சிக்கலைச் சென்னை உயர்நீதிமன்றம் முன்கூட்டியே பேசியிருக்கிறது. 2019இல் நீதிபதி வி. பார்த்திபன் வயது வரம்பை 16ஆக்குவது பற்றி யோசிக்கச் சொன்னார். 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அத்தகைய வழக்கொன்றை ரத்துசெய்தார். 2023இல் இந்தியச் சட்ட ஆணையம் வயதைக் குறைக்க வேண்டாம், 16 முதல் 18 வரையுள்ள வழக்குகளில் நீதிமன்றத்துக்கு விருப்புரிமை தரலாம் என்றது. இரு பக்கமும் நியாயம் இருக்கிறது, சூரியநெல்லியை நினைத்தால் எச்சரிக்கையும் வேண்டியிருக்கிறது. அந்தக் கதையும் வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குக் காதல் கதையாகத்தான் தொடங்கியது. எது காதல், எது வலை என்பதை வயதைச் சொல்லும் சான்றிதழ் காட்டாது, காவல் நிலையத்தில் அரைமணி நேர விசாரணையும் காட்டாது. பிள்ளையின் நம்பிக்கையைப் பெற்ற ஒருவர் சில வாரங்கள் பேசினால் புலப்படும். ஆகவே காதல் வழக்குகள் பெருகியிருப்பது ஆதரவுச் சேவையைக் குறைப்பதற்குக் காரணம் ஆகாது, கூட்டுவதற்கே காரணம்.

2025 மே மாதம் உச்சநீதிமன்றம் முடித்துவைத்த, இத்தகைய ஒரு மேற்கு வங்க வழக்கு இதை வேறொரு கோணத்தில் காட்டுகிறது. சட்டப்படி நடந்தது குற்றம்தான், அதில் நீதிமன்றம் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் நியமிக்கப்பட்ட வல்லுநர் குழு அந்தப் பெண்ணிடம் பேசியபோது, அவளை அதிகம் வதைத்தது நடந்த நிகழ்வைவிட அதற்குப் பின் வந்த காவல்துறை, நீதிமன்றம், குடும்பத்தின் கைவிடல், வழக்குச் செலவுக் கடன் ஆகியவையே என்று தெரிந்தது. தக்க நேரத்தில் தகவலும் துணையும் கிடைத்திருந்தால் வேறு முடிவு எடுக்கும் வாய்ப்பு அவளுக்கு இருந்திருக்கும். அரிதான அதிகாரத்தைப் பயன்படுத்தி நீதிமன்றம் குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் விட்டு, அவளுடைய படிப்புக்கும் வாழ்வுக்கும் மாநில அரசைப் பொறுப்பாக்கியது. இதையே தலைகீழாகப் படித்தால் கிடைக்கும் பாடம் எளியது: பிற்பாடு உச்சநீதிமன்றம் செய்ய நேர்ந்ததை, முதல் மாதத்திலேயே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு செய்திருக்கலாம். கருவுற்ற சிறுமிகள் புகாருக்குப் பயந்து மருத்துவமனையையே தவிர்ப்பதும் இதே கோளாறின் மறுபக்கம். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் காவல்துறைக்குச் சொல்லத் தேவையில்லை என்று 2022 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. கிராமச் சுகாதாரச் செவிலியர் வரைக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தால்தான் அதற்குப் பயன்.

இந்த வழக்குகளில் மறுபக்கம் நிற்பவனும் பல நேரம் சிறுவனே. 16 வயதுப் பெண்ணோடு போன 17 வயதுப் பையன் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிற்கிறான். 2012 டிசம்பர் டெல்லிக் கொடுமையின் கோபத்தில் பிறந்த 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கொடிய குற்றம் சாட்டப்பட்ட 16 முதல் 18 வயதுள்ளவரை முதல்நிலை மதிப்பீட்டுக்குப் பின் பெரியவரைப் போல விசாரிக்கவும் முடியும். அந்த மதிப்பீடு நுட்பமான வேலை, உளவியல் அறிந்தவர் துணை வேண்டும் என்று 2022இல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பிறரைத் துன்புறுத்திய சிறுவர்களில் தாங்களே முன்பு துன்புறுத்தப்பட்டவர்களும் உண்டு. மத்திய அரசு 2007இல் 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், ஏதாவதொரு பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். லாரி நிறுத்தத்திலும் கடை வேலையிலும் சுரண்டப்படும் பையனுக்கு ‘பொம்பளப் பிள்ளையா, என்ன போச்சு?’ என்ற பதில்தான் காத்திருக்கிறது. சட்டம் இரண்டு கதவுகளை வைத்திருக்கிறது. ஒரே பிள்ளை இரண்டு கதவுகளையும் தட்ட நேரலாம். நன்னடத்தை அலுவலரும் ஆதரவு நபரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசாத மாவட்டத்தில், அவன் எந்தக் கதவைத் தட்டினான் என்பதை வைத்தே அவன் யாரென்று முடிவாகிவிடும்.

கடைசி மறுப்பு நிர்வாகத்திடமிருந்து வரும்: சிறிய மாவட்டத்தில் ஆளும் பணமும் எங்கே? 2011 கணக்கில் ஏறத்தாழ 12.5 லட்சம் மக்கள் கொண்ட தேனியில் தனியே மாளிகை எதுவும் கட்டத் தேவையில்லை. ஐஸ்லாந்து 1998இல் தொடங்கி நார்டிக் நாடுகளில் பரவிய ‘பார்னஹுஸ்’ முறை சொல்வது இதுதான்: பிள்ளையை அலுவலகம் அலுவலகமாக அலையவிடாமல் காவலர், மருத்துவர், வழக்கறிஞர், உளவியலாளர் எல்லாரும் ஒரே வீட்டுக்கு வரட்டும், கேள்வியை ஒருமுறை கேட்டுப் பதிவுசெய்யட்டும். அதன் சாரத்தை இருக்கிற ஒருங்கிணைந்த சேவை மையத்தில் கொண்டுவர முடியும். எளிதில் பாதிக்கப்படும் சாட்சிகளுக்குத் தனி சாட்சிய மையங்கள் அமைக்க 2022இல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டதையும் அதோடு இணைக்கலாம். ஊதியத்துக்கு விதிகளிலேயே வழி இருக்கிறது: திறன்பெற்ற தொழிலாளியின் கூலிக்குக் குறையாமல், இளைஞர் நீதி நிதியிலிருந்து. அங்கன்வாடி ஊழியரையும் மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவியையும் இதற்குப் பயன்படுத்தினால் செலவு குறையுமே என்பார்கள். தகவல் அறிய அவர்கள் உதவுவார்கள், துணைக்கு நிற்க அவர்களை விடக் கூடாது. வடுகபட்டிப் பிள்ளைக்கு வடுகபட்டிக்காரர் ஆதரவு நபராக வந்தால் ரகசியம் ஒரு வாரம் தங்காது. சாதியும் உறவும் குறுக்கே வரும். பெரியகுளத்துப் பிள்ளைக்கு உத்தமபாளையத்திலிருந்தும் கம்பத்துப் பிள்ளைக்கு ஆண்டிபட்டியிலிருந்தும் ஆள் வருவதாக வட்டங்களை மாற்றிப்போட்டால், பயணப்படி கூடும், நம்பிக்கை அதைவிடக் கூடும்.

இந்தப் பள்ளத்தாக்குக்கு மட்டும் உரிய ஒரு தேவையும் இருக்கிறது. விடியும் முன் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகின்றன. பொழுது சாய்ந்துதான் திரும்புகின்றன. பிள்ளை அந்த மாநிலத்தில் பிறந்து இந்த மாநிலத்தில் படிக்கலாம். குற்றம் அங்கே நடந்து புகார் இங்கே வரலாம். எந்தக் காவல் நிலையமும் எல்லையைக் காட்டிப் புகாரைத் திருப்பக் கூடாது என்பது சட்டம். ஆனால் கோப்பு எல்லை தாண்டிய பிறகு பிள்ளையோடு யார் போவது என்பதற்கு இரு மாவட்டக் குழந்தைகள் நலக்குழுக்களுக்கும் இடையே நிலையான உடன்பாடு வேண்டும். சூரியநெல்லி வழக்கு இரு மாநிலத்துச் சாலைகளிலும் நடந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் அந்தச் சாலைகளில் போக்குவரத்து பெருகியிருக்கிறது. இரு பக்கத்து அலுவலர்களும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பழக்கமும் அதே அளவுக்குப் பெருக வேண்டும்.

எதை வைத்து ஒரு மாவட்டத்தின் வேலையை அளக்கிறோம் என்பதிலேயே சீர்திருத்தம் தொடங்குகிறது. இப்போது எண்ணப்படுபவை பதிவான வழக்குகளும் தண்டனை விகிதமும். அவற்றோடு நான்கு எண்களைச் சேர்த்து ஒவ்வோர் ஆண்டும் மாவட்ட நிர்வாகம் வெளியிடட்டும்: புகார் பதிவான ஒரு வாரத்துக்குள் ஆதரவு நபர் கிடைத்த பிள்ளைகள் எத்தனை பேர், ஓராண்டுக்குப் பிறகும் பள்ளியில் தொடர்பவர்கள் எத்தனை பேர், இடைக்கால இழப்பீடு தீர்ப்புக்கு முன்பே கையில் சேர்ந்தது எத்தனை பேருக்கு, இல்லத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் குடும்பச் சூழலுக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர். பெயரோ ஊரோ தேவையில்லை, எண்கள் போதும். தண்டனை விகிதம் நீதிமன்றம் எப்படி நடந்தது என்று சொல்லும். இந்த நான்கும் பிள்ளைக்கு அரசு என்ன செய்தது என்று சொல்லும். இவற்றை எண்ணத் தொடங்கிய மாவட்டத்தில் அடுத்த நிதியாண்டில் பணம் எங்கே போக வேண்டும் என்பதில் பெரிய விவாதம் இருக்காது. குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைக்கச் சொல்லிப் பள்ளிச் சுவரில் எழுதிவைத்திருக்கிறோம். அழைத்த பிள்ளைக்கு அடுத்த ஓராண்டுக்கு யார் பொறுப்பு என்பதையும் அந்த மாவட்டம் பெயர் குறித்துச் சொல்ல முடிந்தால்தான் அந்தச் சுவரெழுத்துக்கு நாம் நேர்மையாக இருக்கிறோம் என்று பொருள்.